ஓர் எழுத்துக்கு இரண்டு கட்டம்

டோக்கியோ, ஓசாகா, ககோஷிமா. இந்த மூன்று ஊர்ப் பெயர்களையும் ஜப்பானிய மொழியில் புழங்கும் சீன எழுத்தான காஞ்சியில் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் தொலைபேசிக் குறியீட்டை அச்சிடும் சின்ன நிரல் ஒன்றை சி மொழியில் எழுதிப் பாருங்கள். பெயருக்குப் பத்து இடம் ஒதுக்கு, மிச்சத்தை வெற்றிடமாக நிரப்பு, பிறகு எண்ணைப் போடு என்பதுதான் கட்டளை. ஆங்கில எழுத்தில் ஊர்ப் பெயர் இருந்தால் எண்கள் நூல் பிடித்தாற்போல் நேராக நிற்கும். காஞ்சியில் எழுதினால் டோக்கியோவுக்கும் ஓசாகாவுக்கும் எட்டுக் கட்டம் தள்ளி எண் தொடங்கும். ககோஷிமாவுக்கு ஏழே கட்டம். அதே வேலையைப் பைதானிடம் கொடுத்தால் பன்னிரண்டும் பதின்மூன்றும் வரும். கேட்ட பத்து எந்த வரியிலும் கிடைக்காது.

கணக்கு எங்கே பிசகுகிறது? டோக்கியோவைக் காஞ்சியில் எழுத இரண்டு எழுத்து போதும். இன்று எங்கும் புழங்கும் யுடிஎஃப்-8 முறையில் அவற்றைச் சேமிக்க ஆறு பைட் வேண்டும். திரையில் அவை பிடிக்கும் இடமோ நான்கு கட்டம். சி மொழி பைட்டை எண்ணுகிறது: ஆறு போக மிச்சம் நான்கு வெற்றிடம் என்று போட்டு எட்டில் நிற்கிறது. பைதான் எழுத்தை எண்ணுகிறது: இரண்டு போக எட்டு வெற்றிடம் போட்டுப் பன்னிரண்டுக்குப் போகிறது. போட வேண்டியது ஆறு வெற்றிடம். அதற்குக் கட்டத்தை எண்ணியிருக்க வேண்டும். மூன்று விதமான எண்ணிக்கை இருக்கிறது, ஆங்கிலத்துக்கு மட்டும் மூன்றும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. அந்தத் தற்செயலை விதி என்று நினைத்துக் கட்டப்பட்டதுதான் கட்டளை வரி உலகம்.

அந்த உலகத்தின் தரை கட்டம் போட்டது. 1928இல் ஐபிஎம் கொண்டுவந்த துளை அட்டையில் வரிக்கு 80 நெடுவரிசை. அதையொட்டியே பிற்காலத் திரைகளும் அமைந்தன. 1978இல் டிஇசி நிறுவனம் விற்பனைக்கு விட்ட விடி100 என்ற முனையத்தில் 80 கட்டம் அகலம், 24 வரி உயரம். இன்று நம் மடிக்கணினியில் திறக்கும் டெர்மினல் சாளரம் பெரும்பாலும் அந்த இயந்திரத்தைத்தான் நடிக்கிறது. உயரம் அகலத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்காக, ஒடுங்கிய செவ்வகமாக இருக்கும் ஒவ்வொரு கட்டமும் ரோமன் எழுத்துக்கு அளவெடுத்துத் தைத்தது.

காஞ்சியின் உடல் சதுரம். அச்சுக் கோத்த காலத்திலேயே ஒவ்வோர் எழுத்தும் ஒரே அளவுச் சதுர ஈயத்தில் உட்கார்ந்தது. ஜப்பானில் கைப்பிரதி எழுதும் கென்கோ யோஷி தாளிலும் இருபதுக்கு இருபது சதுரம். அங்கே எழுத்தாளர்களின் கட்டுரை நீளத்தை இத்தனை நானூறு எழுத்துத் தாள் என்றே பேசுவார்கள். ஆகவே கட்டத்தில் எழுதுவது கிழக்காசியாவுக்குப் புதிது கிடையாது. கட்டத்தின் அளவுதான் பொருந்தவில்லை. எட்டுப் புள்ளி அகலம், பதினாறு புள்ளி உயரம் உள்ள ரோமன் கட்டங்கள் இரண்டைப் பக்கம் பக்கமாக வைத்தால் பதினாறுக்குப் பதினாறு சதுரம் கிடைக்கும். ஓர் எழுத்துக்கு இரண்டு கட்டம் என்ற ஏற்பாடு இப்படித்தான் பிறந்தது. ஜப்பானியர்கள் முழு அகலத்தை ஜென்காகு என்றும் அரை அகலத்தை ஹன்காகு என்றும் சொல்வார்கள். அங்கே இணையப் படிவம் நிரப்பும் எவருக்கும் இந்த இரண்டு சொல்லும் அத்துப்படி. தொலைபேசி எண்ணை ஹன்காகுவில் போடவில்லை என்று படிவம் திருப்பி அனுப்பாத ஆளே இருக்க முடியாது.

முதலில் வந்தது அரை அகலம். 1969இல் ஜப்பான் வகுத்த தரநிலை, ஒரு பைட்டின் காலியாக இருந்த மேல்பாதியில் கத்தகானா என்ற ஜப்பானிய ஒலியெழுத்துகளைச் சேர்த்தது. எழுத்தை ரோமன் கட்டத்துக்குள் ஒடுக்கினார்கள். 'கடல்' என்பதில் உள்ள ககர ஒலியைத் 'தங்கம்' என்பதில் உள்ள ககர ஒலியாக மாற்றும் இரட்டைக் கீற்றுக்குக்கூட மேலே இடமில்லாததால் அதற்குத் தனிக் கட்டம் கொடுத்தார்கள். பார்க்க அழகில்லை, ஆனால் வேலை ஓடியது. ஜப்பானிய வங்கிகளின் பணப் பரிமாற்றத் தகவல்களில் இந்த ஒடுங்கிய கத்தகானா இன்றும் புழங்குகிறது. 1978இல் 94க்கு 94 என்ற அட்டவணையாகக் காஞ்சித் தரநிலை வந்தது. ஆறாயிரத்து முந்நூற்றுக்கு மேற்பட்ட காஞ்சி எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட். இந்த இரண்டு தரநிலைகளையும் ஒரே கோப்புக்குள் உறவாட வைக்க எண்பதுகளின் தொடக்கத்தில் உருவான முறைதான் ஷிஃப்ட் ஜிஸ்.

ஷிஃப்ட் ஜிஸ்ஸின் சாமர்த்தியத்தை இப்போது யாரும் பாராட்டுவதில்லை. ரோமன் எழுத்து ஒரு பைட், ஒரு கட்டம். ஒடுங்கிய கத்தகானா ஒரு பைட், ஒரு கட்டம். காஞ்சி இரண்டு பைட், இரண்டு கட்டம். பைட் எண்ணிக்கையும் கட்ட எண்ணிக்கையும் பிசிறில்லாமல் ஒன்றாயின. மேலே சொன்ன ஊர்ப் பட்டியலை ஷிஃப்ட் ஜிஸ்ஸில் எழுதி அதே சி நிரலை ஓட்டினால் எண்கள் கச்சிதமாகப் பத்தில் நிற்கும். 1982இல் வந்த என்இசியின் பிசி-9801 காஞ்சி எழுத்துருவைத் தனி ரோம் சில்லில் வைத்துக்கொண்டு, எழுத்துத் திரையிலேயே காஞ்சியை இரண்டு கட்டமாகக் காட்டியது. 1990இல் ஐபிஎம் ஜப்பான் கொண்டுவந்த டாஸ்/வி அந்தச் சில்லு இல்லாமலேயே சாதாரணக் கணினியில் மென்பொருளால் அதைச் செய்தது. சீனாவின் 1980ஆம் ஆண்டுத் தரநிலை, தைவானின் பிக்ஃபைவ், கொரியாவின் 1987ஆம் ஆண்டுத் தரநிலை எல்லாவற்றிலும் இரண்டு பைட்டுக்கு இரண்டு கட்டம்தான். ஒரு தலைமுறை நிரலர்கள் பைட்டை எண்ணினால் போதும் என்று நிம்மதியாக இருந்தார்கள்.

அந்த நிம்மதியிலும் ஒரு முள் இருந்தது. ஷிஃப்ட் ஜிஸ்ஸில் சில எழுத்துகளின் இரண்டாவது பைட் 92. அது ஆங்கிலக் குறியீட்டில் பின்சாய்வுக் கோட்டின் எண். சி மொழி முதல் விண்டோஸ் கோப்புப் பாதை வரை அந்தக் கோட்டுக்குத் தனிப் பொருள் உண்டு. 'சோ' என்ற கத்தகானாவும், 'அட்டவணை' என்ற பொருளில் தினமும் புழங்கும் காஞ்சியும் இந்த வலையில் சிக்கியவை. அட்டவணைக்குக் கோப்புப் பெயர் வைத்தால் நிரல் அதைப் பாதியில் வெட்டிவிடும். வேடிக்கை என்னவென்றால், 92க்கு ஜப்பானிய எழுத்துருக்கள் காட்டுவது யென் குறியை. விண்டோஸ் கோப்புப் பாதைகள் அங்கே பல்லாண்டுகளாகப் பணத்தால் பிரிக்கப்பட்டே கிடக்கின்றன.

1991இல் யூனிகோட் வந்தது. அடுத்த ஆண்டு கென் தாம்சனும் ராப் பைக்கும் யுடிஎஃப்-8ஐ வடிவமைத்தார்கள். எல்லா மொழிக்கும் ஒரே பட்டியல் என்ற நன்மைக்கு ஈடாகப் பைட்டும் கட்டமும் ஒன்றாயிருந்த வசதி பறிபோனது. காஞ்சி மூன்று பைட், இரண்டு கட்டம். ஒடுங்கிய கத்தகானாவும் மூன்று பைட், ஆனால் ஒரே கட்டம். அரிதான சில காஞ்சிகள் நான்கு பைட். கட்டம் அதே இரண்டு. பைட்டைப் பார்த்து அகலத்தைச் சொல்ல வழியே இல்லாமல் போனது. இனி ஓர் அட்டவணையைப் புரட்டித்தான் சொல்ல முடியும்.

யூனிகோட் அமைப்பு அந்த அட்டவணையைத் தன் பதினோராம் இணைப்பாவணத்தில் வைத்திருக்கிறது. யூனிக்ஸ் தரநிலை இதற்கென்று டபிள்யூசிவிட்த் என்ற பெயரில் ஒரு செயற்கூறு வைத்தது: எழுத்தைக் கொடுத்தால் அது பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று கட்டத்தைச் சொல்லும். கேம்பிரிட்ஜில் இருந்த மார்கஸ் கூன் 2001இல் இதை யூனிகோட் அட்டவணையிலிருந்து எழுதிப் பொதுவில் விட்டார். சில பக்கமே வரும் அந்தச் சி கோப்பு புட்டி, எக்ஸ்டெர்ம் உட்பட எத்தனையோ டெர்மினல்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு தனிமனிதர் எழுதிய அட்டவணையின்மீது இத்தனை பேர் திரை நிற்கிறது என்பது கணினி உலகில் ஆச்சரியப்பட வேண்டிய செய்தியும் இல்லை.

அட்டவணை இருந்தால் தீர்ந்ததா? இல்லை. உண்மையான சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது, ஏனென்றால் அகலத்தைக் கணக்குப் போடுகிறவர்கள் இரண்டு பேர். எழுத்தை அனுப்பும் நிரல் ஒன்று, அதை வரையும் டெர்மினல் இன்னொன்று. நிரல் எழுத்துகளை ஒரு குழாய் வழியாக அனுப்பிவிட்டு, கர்சர் இப்போது இந்தக் கட்டத்தில் இருக்கும் என்று தன் மனக்கணக்கில் குறித்துக்கொள்கிறது. டெர்மினல் தன் அட்டவணையைப் பார்த்துத் தன்போக்கில் கர்சரை நகர்த்துகிறது. இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்வதில்லை. அட்டவணை இரண்டும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நிரல் தொலைவில் உள்ள பழைய சர்வரிலும் டெர்மினல் உங்கள் மேசைமேல் உள்ள புதிய கணினியிலும் இருக்கலாம். ஓர் எழுத்தில் கருத்து வேறுபட்டால் அந்த வரியில் மிச்சமுள்ள எல்லாமே ஒரு கட்டம் நகர்ந்துவிடும். நீங்கள் திருத்துவதாக நினைக்கும் எழுத்து ஒன்று, உண்மையில் அழிவது பக்கத்து எழுத்து. கோப்பு பத்திரமாக இருக்கும், திரை மட்டும் பொய் சொல்லும். அதனாலேயே இந்தப் பிழையைப் பிடிப்பது சிரமம்: கோப்பைத் திறந்து சோதித்தால் எதுவும் கெட்டிருக்காது.

பின்னழி விசையை எடுத்துக்கொள்வோம். எந்தத் தொகுப்பானும் இல்லாமல் வெறும் கேட் கட்டளைக்குள் தட்டச்சிடும்போது அழிக்கும் வேலையைச் செய்வது லினக்ஸ் கர்னல். பழைய கர்னலுக்கு எல்லாம் பைட்தான். ஒரு காஞ்சியை அழிக்க மூன்று முறை தட்ட வேண்டும்; தட்டுக்கு ஒரு கட்டம் வீதம் திரையில் மூன்று கட்டம் போய்விடும், முன்னால் நின்ற எழுத்தையும் சேர்த்து. 2004இல் ஐயுடிஎஃப்8 என்ற அமைப்பு வந்தபின் ஒரு தட்டுக்கு முழு எழுத்தும் நினைவிலிருந்து நீங்கியது. ஆனால் கர்சரைப் பின்னால் இழுப்பது ஒரே கட்டம். கர்னல் பைட்டிலிருந்து எழுத்துக்கு முன்னேறியது, கட்டம் வரை வந்து சேரவில்லை.

வரியின் கடைசிக் கட்டமும் அப்படித்தான். எண்பதாவது கட்டத்தில் காஞ்சி வந்தால் பாதியை இங்கும் மீதியை அடுத்த வரியிலும் வரைய முடியாது. டெர்மினல் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு எழுத்தை அடுத்த வரிக்குத் தள்ளும். நிரலும் அதையே எதிர்பார்த்திருக்க வேண்டும். இருபது கட்டத்துக்குள் தலைப்பை வெட்டும் நிரல், பத்தொன்பதில் நின்று ஒரு வெற்றிடம் போடத் தெரிந்துகொள்ள வேண்டும். பைட்டில் வெட்டும் நிரலோ எழுத்தின் நடுவிலேயே கத்தி வைத்து, கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறியைப் பரிசாகத் தரும்.

இனி இரண்டுங்கெட்டான் எழுத்துகள். கிரேக்க, ரஷ்ய எழுத்துகள், பெருக்கல் குறி ஆகியவை 1978ஆம் ஆண்டு ஜப்பானியத் தரநிலையிலும், பெட்டி வரையும் கோடுகள் அதன் 1983ஆம் ஆண்டுத் திருத்தத்திலும் இடம்பெற்றிருந்தன. இரண்டு பைட் வீட்டில் குடியிருந்ததால் அங்கே அவை இரண்டு கட்டம். மேற்கில் அதே எழுத்துகள் ஒரு கட்டம். யூனிகோட் இவற்றுக்குத் தீர்ப்புச் சொல்லாமல், சூழலைப் பார்த்து முடிவுசெய்யுங்கள் என்று தனி வகையில் போட்டுவிட்டது. அந்த ஆவணமே, டெர்மினல் செய்கிறவர்கள் இதை அப்படியே எடுத்தாளக்கூடாது என்றும் எச்சரிக்கிறது. நியாயமான பேச்சுதான், நிரலருக்குத்தான் பயனில்லை. சீன உரையில் வரும் மேற்கோள் குறிகள் இந்த வகை. சீன எழுத்துரு அவற்றை முழு அகலத்தில் வரைந்துவைத்திருக்க, டெர்மினல் ஒரு கட்டம் ஒதுக்கினால் பக்கத்து எழுத்தின்மேல் ஏறி நிற்கும். சரி, இரண்டு கட்டம் என்று மாற்றினால் பெட்டிக் கோடுகள் எல்லாம் இரட்டித்து, அழகாக வரைந்த சாளரம் சிதறிப்போகும். விம் தொகுப்பானில் ஆம்பிவிட்த் என்று ஓர் அமைப்பு, புட்டியில் ஒரு டிக் பெட்டி, எக்ஸ்டெர்மில் ஒரு தொடக்க விருப்பம் என்று ஆளுக்கொரு திருகாணி வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே திசையில் திருகினால்தான் பலன்.

கொரிய எழுத்தில் சிக்கல் வேறு மாதிரி. ஹங்குல் அசைகள் 11,172க்கும் யூனிகோடில் தனித்தனி எண் உண்டு. ஒவ்வொன்றும் இரண்டு கட்டம். அதே அசையை முதல் மெய், உயிர், இறுதி மெய் என்று மூன்று துண்டாகவும் எழுதலாம். ஆப்பிளின் பழைய கோப்பு அமைப்பு கோப்புப் பெயர்களை இப்படிப் பிரித்தே சேமித்தது. மேக்கில் பெயரிட்ட கொரியக் கோப்பு வேறொரு கணினிக்கு வந்ததும் எழுத்தெழுத்தாக உதிர்ந்து கிடப்பதைக் கொரிய அலுவலகங்கள் நன்கு அறியும். கூனின் அட்டவணை இதற்கு ஒரு நல்ல தந்திரம் வைத்திருந்தது: முதல் மெய்க்கு இரண்டு கட்டம், பின்னால் வரும் உயிருக்கும் இறுதி மெய்க்கும் பூஜ்யம். கூட்டினால் எப்படியும் இரண்டு. துண்டுகளை ஒன்றுசேர்த்து வரையத் தெரிந்த டெர்மினலாக இருந்தால் எல்லாம் சுபம்.

இத்தனை ஆண்டும் இது கிழக்காசியரின் புகாராகவே கிடந்தது. எமோஜி வந்த பிறகுதான் மற்றவர்களுக்கு உறைத்தது. அதுவும் ஜப்பானியக் கைப்பேசிகளில் பிறந்ததுதான், அதனால் சதுரம். 2016இல் யூனிகோட் ஒன்பதாம் பதிப்பு எமோஜிகளின் அகலத்தை இரண்டு என்று மாற்றியபோது, புதிய அட்டவணை உள்ள நிரலும் பழைய அட்டவணை உள்ள டெர்மினலும் உலகம் முழுக்க முட்டிக்கொண்டன. ஜப்பானியர்கள் இருபது ஆண்டாகச் சொல்லிவந்த கர்சர் நகர்வுப் புகார், சிரிக்கும் முகம் ஒன்று வரியைக் கெடுத்தவுடன் அவசரப் பிழையாகப் பதிவானது.

தமிழின் நிலை என்ன என்று இங்கே கேட்கத் தோன்றும். நம் எழுத்தும் இதே டபிள்யூசிவிட்த் கையில்தான் இருக்கிறது, ஆனால் நம்முடையது சதுரமும் கிடையாது, ஒரே அகலமும் கிடையாது. புள்ளிக்குப் பூஜ்யம், துணைக்காலுக்கு ஒன்று என்று அது கணக்குச் சொல்கிறது. 'கொ' என்பதில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். கட்டம் கட்டமாக வரையும் டெர்மினலுக்கு அது புரியாது. 'ண'வும் 'ர'வும் ஒரே கட்டத்துக்குள் அடங்கச் சொன்னால் ஒன்று நசுங்கும் அல்லது இன்னொன்று தொளதொளக்கும். காஞ்சிக்கு இரண்டு கட்டம் என்று ஒரு வரியில் தீர்வு சொல்ல முடிந்தது. தமிழுக்கு அப்படியொரு வரியை இன்னும் யாரும் எழுதவில்லை.

நடைமுறையில் பெரும்பாலான தொல்லைக்குக் காரணம் இவ்வளவு நுட்பமானதும் இல்லை. சி நிரல் தொடங்கும்போது பயனரின் மொழிச் சூழலை ஏற்றுக்கொள் என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுதாவிட்டால் அதற்கு ஆங்கிலம் தவிர எதுவும் தெரியாது. திரையை ஆளும் என்கர்சஸ் நூலகத்தில் அகல எழுத்துக்கென்று தனிப் பதிப்பு உண்டு; மற்றதோடு இணைத்துவிட்டால் காஞ்சி வெறும் பைட் குப்பையாகும். டாக்கர் கொள்கலன்கள் பலவற்றில் மொழிச் சூழல் எதுவும் அமைக்கப்பட்டிருக்காது. உங்கள் கணினியில் ஒழுங்காக ஓடிய நிரல் அங்கே கேள்விக்குறியாகக் கொட்டுவது அதனால்தான். சி.யுடிஎஃப்-8 என்று ஒரு மாறியில் போட்டால் பாதி நோய் தீரும். கிட் நிரல் ஆங்கிலமல்லாத கோப்புப் பெயரை வேண்டுமென்றே எண்களாகக் காட்டும். சூரியனைக் குறிக்கும் காஞ்சி அதில் \346\227\245 என்று தெரியும். அது கெட்டுப்போன எழுத்து இல்லை, கோட்பாத் என்ற அமைப்பை அணைத்தால் எழுத்தாகிவிடும். ஜப்பானிய விண்டோஸில் இன்னும் ஷிஃப்ட் ஜிஸ்ஸுக்கான 932ஆம் குறிப்பக்கம் இயல்பாக இருப்பதால், அங்கே 65001ஆம் குறிப்பக்கத்துக்கு மாறிக்கொண்டால்தான் யுடிஎஃப்-8 தெரியும்.

எல்லாம் சரியாகி எழுத்து வந்த பிறகும் எழுத்துரு கெடுக்கலாம். கூரியர் போன்ற தட்டச்சு எழுத்துருக்களில் ஓர் எழுத்தின் அகலம் எழுத்தளவில் பத்தில் ஆறு பங்கு. இரண்டு கட்டம் சேர்ந்தால் பன்னிரண்டு. காஞ்சிக்கு வேண்டியது பத்து. மிச்சம் இரண்டு பங்கு இடைவெளியாக நின்று, வரி பல் இடுக்கு விழுந்ததுபோல் இருக்கும். ரோமனைச் சரியாகப் பாதி அகலத்தில் வைத்த நோட்டோ சான்ஸ் மோனோ சிஜேகே போன்றவை இதற்காகவே உள்ளவை. கூகுளும் அடோபியும் 2014இல் வெளியிட்ட அந்தக் குடும்பம், ஓர் எழுத்துருக் கோப்பு தாங்கக்கூடிய உச்ச அளவான 65,535 வடிவங்களையும் நிரப்பிவிட்டது. மறுமுனையில் சாளரம் எதுவும் இல்லாத லினக்ஸின் வெறுந்திரை இருக்கிறது. அதன் எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவத்துக்குத்தான் இடம், காஞ்சிக்கு அங்கே வாசலே கிடையாது. எஃப்பிடெர்ம் போன்ற தனி நிரலை ஏற்றிக்கொள்ள வேண்டும்.

சீன வடிவமா ஜப்பானிய வடிவமா என்பதும் எழுத்துருவின் கையில். 'எலும்பு' என்ற காஞ்சியின் தலைக்குள் ஒரு சிறு மூலை உண்டு. ஜப்பானில் அது வலப்பக்கம், சீனப் பெருநிலத்தில் இடப்பக்கம். யூனிகோடில் இரண்டுக்கும் ஒரே எண். வலைப்பக்கத்தில் இது ஜப்பானியம் என்று குறித்துவைக்க இடமுண்டு. டெர்மினலுக்குப் போகும் பைட் ஓடையில் அதற்கு இடமில்லை. எந்த எழுத்துரு பட்டியலில் முதலில் நிற்கிறதோ அதன் நாட்டு வழக்கே திரையில் வரும். ஜப்பானிய வாசகருக்குத் தன் மொழி வெளியூர் உச்சரிப்பில் பேசுவதுபோல் தோன்றும், அவ்வளவுதான். படிக்க முடியாமல் போகாது.

நிரலும் டெர்மினலும் பேசிக்கொள்வதில்லை என்றேன். ஒரு சின்னப் பேச்சுக்கு வழி இருக்கிறது. விடி100 காலத்துக் கட்டளை ஒன்று, கர்சர் இப்போது எங்கே என்று டெர்மினலைக் கேட்கும். அது வரிசை எண்ணும் கட்ட எண்ணும் திருப்பி அனுப்பும். விம் தொடங்கும்போது இரண்டுங்கெட்டான் எழுத்து ஒன்றைத் திரையில் எழுதி, இந்தக் கேள்வியைக் கேட்டு, கர்சர் ஒரு கட்டம் நகர்ந்ததா இரண்டா என்று பார்த்துத் தன் ஆம்பிவிட்த் அமைப்பை அதற்கேற்ப வைத்துக்கொண்டு, எழுதியதை அழித்துவிடுகிறது. எந்த அட்டவணையையும் நம்ப வேண்டாத முறை இது. எல்லா எழுத்துக்கும் இப்படிக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு போக்குவரத்து ஆகிறது. பதில் வருவதும் விசைப்பலகை வழியேதான், பயனர் தட்டச்சிட்டதுபோலவே. தொலைதூர சர்வரோடு மெதுவான இணைப்பில் வேலை செய்யும்போது பதில் தாமதமாக வந்தால், சதுர அடைப்பும் அரைப்புள்ளியும் 'ஆர்' எழுத்துமாக அது கட்டளை வரியில் கொட்டிக் கிடப்பதைப் பார்க்கலாம்.